அதிகம் வெட்டியவர் தோற்ற ஆட்டம்: ஒரு ரீப்ளே ஆய்வு

ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 என்ற கணினிப் போர் விளையாட்டில் இரண்டு பேர் மோதிய ஆட்டம் 41-ஆவது நிமிடத்தில் முடிந்தது. முடிவுத் திரையில் ராணுவக் கணக்கைத் திறந்தால், மன்னார்குடி அண்ணன் வீழ்த்தியவை 86, திருவாரூர் தம்பி வீழ்த்தியவை 61. 25 உயிர்களைக் கூடுதலாக எடுத்தவர்தான் ‘ஜிஜி’ (நல்ல ஆட்டம்) என்று தட்டி, தோல்வியை ஒப்புக்கொண்டு வெளியேறினார்.

“நான்தானே அதிகம் வெட்டினேன்? அப்புறம் எப்படித் தோத்தேன்?” என்று அண்ணன் கேட்டார். உண்மையிலேயே புரியாமல் கேட்ட கேள்வி அது. அதனால் இரண்டு பேரையும் வைத்துக்கொண்டு ஆட்டத்தின் பதிவான ரீப்ளேயை மெதுவாக ஓட்டிப் பார்த்தோம். எங்கள் பக்கத்துப் பையன்களின் ஆட்டங்களைப் பார்த்துக் குறிப்பெழுதிக் கொடுப்பது என் வழக்கம். நான் பார்த்தவரை டெல்டாவில் இந்த விளையாட்டை ஆடுபவர்கள் பெரும்பாலும் எப்படித் தோற்கிறார்கள் என்பதை இந்த ஒரே ஆட்டம் முழுசாகக் காட்டிவிடுகிறது. இருவரின் சம்மதத்தோடு விரிவாக எழுதுகிறேன். பெயர் வேண்டாம் என்றார்கள். ஊர்ப் பெயரே போதும்.

பின்னணி

வேலையாட்களை வைத்து உணவு, மரம், தங்கம், கல் சேர்த்து, ஒவ்வொரு காலமாக முன்னேறி, படை திரட்டி எதிரியை வெல்வதுதான் விளையாட்டு. முதலில் வந்தது 1999-இல். இவர்கள் ஆடியது 2019-இல் வந்த டெஃபினிடிவ் எடிஷன். 2022 ஏப்ரலில் வந்த டைனஸ்டீஸ் ஆஃப் இந்தியா விரிவாக்கத்தில் திராவிடர் என்ற நாகரிகமும் ராஜேந்திர சோழனின் கதைத் தொடரும் சேர்ந்தன. பள்ளிக்கூட நாட்களில் பிரவுசிங் சென்டரில் ஆடிவிட்டு மறந்துபோனவர்களில் எனக்குத் தெரிந்த பலரை அந்த விரிவாக்கம்தான் திரும்ப இழுத்து வந்தது. அண்ணனும் அப்படி வந்தவர்.

அவர் பாமணியாற்றுப் பாசனத்தில் விவசாயம் பார்க்கிறார். குறுவை நடவு முடிந்து கொஞ்சம் மூச்சு விடுகிற ஆடி மாதத்தில் ஓர் இரவு நடந்த ஆட்டம் இது. தம்பி கல்லூரியில் படிக்கிறார், தினமும் ஆடுகிறார், விரல் வேகம் அதிகம். ஆனால் வேகத்தால் ஜெயித்தார் என்று சொல்லி இந்த ஆட்டத்தை முடித்துவிட முடியாது. சண்டை நடந்த இடங்களில் எல்லாம் அண்ணனின் கைதான் சுத்தமாக இருந்தது.

ஒருவருக்கு ஒருவர், அரேபியா வரைபடம், ஆள் வரம்பு 200. அண்ணன் திராவிடர், தம்பி பிராங்கியர் (குதிரைப்படை நாகரிகம்). அரேபியா திறந்த வெளி. சுற்றிலும் இயற்கை அரண் கிடையாது, கடலும் கிடையாது. இன்னொன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: ஆட்டக் கடிகாரம் நிஜக் கடிகாரத்தைவிட 1.7 மடங்கு வேகமாக ஓடும். கீழே வருகிற நேரங்கள் எல்லாம் ஆட்டக் கடிகாரத்து நேரங்கள். 41 நிமிடம் என்பது நிஜத்தில் சுமார் 24 நிமிடம்.

முதல் 11 நிமிடம்

ஊரின் மையக் கட்டடமான டவுன் சென்டர், வேலையாளான வில்லேஜர் ஒருவரை உருவாக்க 25 விநாடி எடுக்கும், 50 உணவு கேட்கும். ஆட்டம் 3 வில்லேஜர்கள், ஒரு ஸ்கவுட்டோடு (வேவு பார்க்கும் குதிரைவீரன்) தொடங்குகிறது. மொத்தம் 21 பேர் ஆனதும் இரண்டாம் காலமான ஃபியூடல் காலத்துக்குப் போவதாக வைத்துக்கொண்டால் 17 வில்லேஜர்களை உருவாக்க வேண்டும். அதற்கு 425 விநாடி. வில்லேஜர்களின் உயிரைக் கூட்டும் தறி ஆராய்ச்சிக்கு 25 விநாடி. ஆக, ஒரு நொடியும் வீணாக்காதவர் 7:30-க்கு ஃபியூடல் பொத்தானை அழுத்தலாம். தம்பி 7:40-க்கு அழுத்தினார். அண்ணன் 9:05-க்கு.

அதே 21 பேர், அதே ஆடு, அதே காட்டுப்பன்றி. 95 விநாடி எங்கே போனது? முதலில் வீடு கட்ட மறந்து, புது ஆளுக்கு இடமில்லாமல் போனது. அடுத்தது காட்டுப்பன்றியை டவுன் சென்டர் பக்கம் இழுத்து வந்தபோது: வில்லேஜர் சாகக் கிடந்தார், அண்ணன் கண் முழுக்க அங்கேயே இருந்தது, உற்பத்தி வரிசை காலியானதைப் பார்க்கவில்லை. கடைசியில் ஃபியூடலுக்கு வேண்டிய 500 உணவு சேர்வதற்காக வேண்டுமென்றே டவுன் சென்டரை நிறுத்தி வைத்துக் காத்திருந்தார். இந்த மூன்றாவது காரியத்தைத்தான் நான் ரொம்பக் கடுமையாகப் பார்க்கிறேன். முதல் இரண்டும் கவனக்குறைவு, பழகப் பழகச் சரியாகும். வில்லேஜரை நிறுத்திக் காசு சேர்ப்பது ஒரு முடிவு. அது தப்பான முடிவு என்று தெரிந்தால் ஒழிய மாறாது. உணவு போதவில்லை என்றால் மரம் வெட்டுகிறவர்களில் இரண்டு பேரைப் பெர்ரிப் புதருக்கோ ஆட்டுக்கோ மாற்றலாம். உற்பத்தி நிற்கக் கூடாது.

ஃபியூடல் ஆராய்ச்சிக்கு 130 விநாடி. தம்பி 9:50-க்குள் நுழைந்தார், அண்ணன் 11:15-க்கு. அண்ணன் நுழைந்த அரை நிமிடத்தில் தம்பியின் மூன்று ஸ்கவுட்டுகள் மரம் வெட்டும் இடத்துக்கு வந்துவிட்டன.

ஜெயித்த சண்டைகளுக்குக் கொடுத்த விலை

திராவிடருக்கு ஒரு சலுகை உண்டு: ஒவ்வொரு காலத்துக்கு முன்னேறும்போதும் 200 மரம் இலவசமாக வரும். 11:15-க்கு அண்ணன் கையில் அந்த 200-உம் ஏற்கெனவே இருந்த 150-உம் சேர்ந்து 350 மரம். இரண்டு வில்வித்தைக் கூடங்களைக் கட்டினார். ஒன்று 175, கையில் மிச்சம் எதுவும் இல்லை.

எதிரே வருவது குதிரைகள். குதிரைக்கு ஈட்டிக்காரர் போதும், ஈட்டிக்காரர் வருவது படைவீட்டிலிருந்து, அது ஏற்கெனவே கட்டி முடிந்திருந்தது. கட்டிய இரண்டு கூடங்களுக்கும் கொடுக்க உணவும் இல்லை, தங்கமும் இல்லை. அவை நாலு நிமிடம் ஆளே இல்லாமல் நின்றன. அதே 200 மரத்தில் மூன்று வயல்கள் போட்டிருக்கலாம்; ஒரு வயல் 60 மரம். 14-ஆவது நிமிடத்தில் தம்பியிடம் 9 வயல்கள், அண்ணனிடம் 3.

இவ்வளவு நெருக்கடியிலும் அண்ணன் தடுத்து ஆடியது பிரமாதம். 13:20-க்கு நாலு ஸ்கவுட்டுகளை ஒரு வீட்டுக்கும் மர வரிசைக்கும் நடுவே சிக்க வைத்து, ஈட்டிக்காரர் ஆறு பேரை இரண்டு பக்கமும் நிறுத்தி, ஒன்றுகூடத் தப்பாமல் முடித்தார். தம்பியே, “அண்ணே, அந்த இடத்துல நான் மவுஸை விட்டுட்டேன்” என்றார். நல்ல மைக்ரோ, அதாவது சண்டையில் படையை நுணுக்கமாக நகர்த்தும் திறமை, எப்படி இருக்கும் என்று யாருக்காவது காட்ட வேண்டுமானால் அந்த 40 விநாடியை எடுத்துப் போடுவேன்.

அந்த 40 விநாடியும் டவுன் சென்டர் சும்மா இருந்தது.

இதுதான் இந்த வழக்கின் மையம். 11:15-இலிருந்து அண்ணன் அடுத்த காலத்துக்குப் பொத்தான் அழுத்திய 19:30 வரைக்கும் கணக்குப் பார்த்தோம். எட்டேகால் நிமிடத்தில் மூன்று நிமிடத்துக்கு மேல் வில்லேஜர் உற்பத்தி இல்லை. ஒவ்வொரு இடைவெளியும் ஒரு சண்டையோடு ஒட்டியிருந்தது. சண்டை தொடங்கும், கண் அங்கே போகும், வரிசை காலியாகும், சண்டை முடியும், ஜெயித்த சந்தோஷத்தில் இன்னும் பத்து விநாடி போகும். முதல் காலத்து 95 விநாடியையும் சேர்த்தால், 20-ஆவது நிமிடத்துக்குள் முழுசாக ஐந்து நிமிடம் டவுன் சென்டர் வேலையே பார்க்கவில்லை. ஐந்து நிமிடம் என்றால் 12 வில்லேஜர்கள். எதிரி கொன்றது மூன்று பேரைத்தான். மீதி 12 பேரைப் பிறக்கவிடாமல் செய்தது யார் என்று நான் கேட்டபோது அண்ணன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் அவரே சொன்னார்: “நாத்து விடாமலே நடவுக்கு ஆள் கூப்பிட்ட கதையால்ல இருக்கு.”

20-ஆவது நிமிடத்தில் எண்ணிப் பார்த்தோம். தம்பியிடம் 36 வில்லேஜர்கள், அண்ணனிடம் 28. அதுவரை நடந்த எல்லாச் சண்டையிலும் கொலைக் கணக்கில் அண்ணன்தான் முன்னால்.

யானை ஆசை

அண்ணன் 22:10-க்கு மூன்றாம் காலமான கேசில் காலத்துக்குள் வந்தார். தம்பி 18:40-க்கே வந்து, இரண்டு புது டவுன் சென்டர்களை எழுப்பிவிட்டார். புது டவுன் சென்டர் ஒன்றுக்கு 275 மரமும் 100 கல்லும் வேண்டும். ஆட்டத் தொடக்கத்தில் எல்லோருக்கும் கிடைக்கும் கல் 200. அதாவது கல்லை ஒருவர்கூட வெட்டாமலே, இரண்டு கூடுதல் டவுன் சென்டர்களுக்கான கல் முதல் நொடியிலிருந்தே கையில் இருக்கிறது, அதை வேறு எதற்கும் செலவழிக்காமல் இருந்தால். தம்பி அப்படித்தான் வைத்திருந்தார். அண்ணன் ஃபியூடலில் 125 கல் செலவழித்து ஒரு காவல் கோபுரம் கட்டியதால் ஒரு டவுன் சென்டருக்குக்கூடக் கல் மிஞ்சவில்லை, வெட்டித்தான் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தக் கோபுரம் ஒரு ஸ்கவுட்டைக்கூடக் கொல்லவில்லை.

சரி, யானைக்கு வருவோம். காலியாக நின்ற இரண்டு வில்வித்தைக் கூடங்களிலும் அண்ணன் யானை வில்லாளிகளை வரிசையில் போட்டார். ஏன் என்று கேட்டேன். “சோழன் படைன்னா யானை இல்லாமலா?” என்றார். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. தஞ்சைப் பெரிய கோயிலைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் அந்த ஆசை வரும். ஆனால் அதே சோழ வரலாறு யானையைப் பற்றி இன்னொன்றும் சொல்கிறது. 949-இல் தக்கோலப் போரில் இளவரசன் ராஜாதித்தன் யானை மேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். ‘யானைமேல் துஞ்சிய தேவர்’ என்ற பட்டம் அப்படி வந்தது. நூறாண்டு கழித்துக் கொப்பத்தில் ராஜாதிராஜனும் யானை மேல்தான் உயிரை விட்டான். உயரத்தில் இருப்பவனை எல்லோருக்கும் தெரியும். குறி வைப்பது சுலபம். ராஜேந்திரனின் கடாரப் படையெடுப்போ, 1025-இல், கப்பல் ஏறிப் போன படை.

விளையாட்டைச் செய்தவர்களும் அதைக் கவனித்திருக்கிறார்கள். திராவிடர் நாகரிகம் அதில் காலாட்படைக்கும் கடற்படைக்கும் உரியது. படைவீட்டு ஆராய்ச்சிகளுக்குப் பாதி விலை. திரிசடை என்ற தனிக் கப்பல் உண்டு, உருமி வாள்வீரன் உண்டு. நைட் என்ற வலுவான குதிரைவீரன் கிடையாது. வில்லாளி யானைகளுக்கும் எறியீட்டி வீரர்களான ஸ்கர்மிஷர்களுக்கும் 25% வேகமாகத் தாக்கும் சலுகை உண்டு என்பது உண்மைதான். அதைப் படித்துவிட்டுத்தான் அண்ணன் ஆசைப்பட்டார். யானை மோசமான படை என்று நான் சொல்லவில்லை. யானையின் நடை மந்தம், ஒரு யானைக்கு ஆகும் உணவில் ஏறக்குறைய இரண்டு வில்லேஜர்களை உருவாக்கலாம், எதிரியின் துறவி மந்திரம் போட்டால் மொத்தமாக அவன் பக்கம் போய்விடும். 28 பேர் வைத்திருக்கும் ஊர் அதைத் தாங்காது. 80 பேர் இருக்கும் ஊர் தாங்கும். நாகரிகத்தை வரலாற்று அன்பால் தேர்ந்தெடுங்கள், அதில் ஒரு குறையும் இல்லை. படையைத் தேர்ந்தெடுக்கும்போது எதிரே என்ன வருகிறது, களஞ்சியத்தில் என்ன இருக்கிறது, இந்த இரண்டை மட்டும் பாருங்கள்.

26-ஆவது நிமிடம்

ரீப்ளேயில் அதிக நேரம் நிறுத்தி வைத்தது இங்கேதான்.

26:10-க்குத் தம்பி 14 நைட்டுகளோடு அண்ணனின் தங்கச் சுரங்கத்தில் புகுந்தார். அண்ணனிடம் ஐந்து யானைகள், 16 ஈட்டிக்காரர்கள், பக்கத்தில் டவுன் சென்டரின் அம்புகள். ஈட்டிக்காரர்களை அரைவட்டமாக நிறுத்தி, யானைகளைப் பின்னால் வைத்து, வில்லேஜர்களை உள்ளே ஏற்றி, ஒரு தப்பும் இல்லாமல் ஆடினார். 14 நைட்டுகளில் 11 செத்தன. பிராங்கியரின் குதிரைகளுக்கு 20% கூடுதல் உயிர் உண்டு. அவற்றை இப்படி வீழ்த்தியது லேசான காரியம் இல்லை. ஆட்டத்தின் திருப்புமுனை இதுதான் என்று அண்ணன் அப்போது நினைத்தார். அவர் நினைத்தது சரி. ஆனால் திருப்பத்தை அவர் பயன்படுத்திக்கொள்ளவில்லை.

சண்டை முடிந்த 26:30-க்கு ரீப்ளேயை நிறுத்தி மேலே உள்ள களஞ்சியக் கணக்கைப் பார்த்தோம். மரம் 900. தங்கம் 1,100. உணவு 40. இரண்டு டவுன் சென்டர்களும் சும்மா. இரண்டு வில்வித்தைக் கூடங்களும் சும்மா.

எப்படி இந்த நிலை வந்தது என்று ஒரு எளிய கணக்குப் போட்டுக் காட்டினேன். ஒரு வயலில் ஒரு வில்லேஜர் நிமிடத்துக்கு ஏறக்குறைய 20 உணவு தருவார். ஒரு டவுன் சென்டர் நிற்காமல் ஓட நிமிடத்துக்கு 120 உணவு வேண்டும். ஆக, ஒரு டவுன் சென்டருக்கு ஆறு வயல். அண்ணனிடம் இருந்தவை இரண்டு டவுன் சென்டர், 11 வயல். வில்லேஜருக்கே ஒரு வயல் குறைகிறது. இந்த நிலையில் இரண்டு கூடங்களிலும் யானை வரிசை வேறு. ஒரு யானை வெளியே வரும்போதெல்லாம் இரண்டு வில்லேஜர் வரவில்லை. அந்த இரண்டு வில்லேஜர் வராததால் அடுத்த யானையும் தாமதம். இரண்டு பக்கமும் மாறி மாறிப் பட்டினி. அதே சமயம் 12 பேர் தங்கம் வெட்டிக்கொண்டே இருந்தார்கள், செலவழிக்க வழியில்லாத தங்கத்தை.

900 மரம் என்றால் 15 வயல். 26:30-க்கு ஒரே மூச்சில் 15 வயல் போட்டு, தங்கம் வெட்டுகிற 12 பேரில் எட்டுப் பேரை அங்கே அனுப்பி, டவுன் சென்டரிலிருந்து வருகிற புது ஆட்களையும் வயலுக்கே விட்டிருந்தால், ஆட்டம் சமநிலைக்கு வந்திருக்கும். எதிரியிடம் அப்போது இருந்தவை மூன்று நைட்டுகள். புதுப் படை சேர அவருக்குக் குறைந்தது இரண்டு நிமிடம் வேண்டும். சண்டையில் ஜெயித்தவருக்குக் கிடைக்கிற உண்மையான பரிசு அந்த இரண்டு நிமிடம்தான். அதில் ஊரைக் கட்ட வேண்டும், அல்லது எதிரியின் ஊரை அடிக்க வேண்டும்.

அண்ணன் மூன்றாவது ஒன்றைச் செய்தார். தப்பித்து ஓடிய மூன்று நைட்டுகளை ஐந்து யானைகளோடு வரைபடத்தின் பாதி வரைக்கும் துரத்தினார். யானை குதிரையைப் பிடிக்குமா? இரண்டு நிமிடம் அந்தத் துரத்தல் நடந்தது. இரண்டு நிமிடமும் திரை யானைகள் மேலேயே இருந்தது. 28:00-க்கு அண்ணனிடம் 44 வில்லேஜர்கள். தம்பியிடம் 74.

இங்கே தம்பி என்ன செய்தார் என்பதையும் சொல்ல வேண்டும். 11 நைட்டுகள் செத்த அந்தச் சண்டையின்போதே அவர் சண்டையைப் பார்ப்பதை விட்டுவிட்டு மூன்று டவுன் சென்டர்களிலும் ஐந்தைந்து வில்லேஜர்களை வரிசையில் போட்டார். “தோக்கப் போறேன்னு தெரிஞ்சுச்சு. அதைப் பாத்துக்கிட்டு இருந்து என்ன ஆகப் போகுது?” என்றார். 20 வயதுப் பையனுக்கு இருந்த இந்த நிதானம்தான் என்னைப் பொறுத்தவரை ஆட்டத்தின் மிகச் சிறந்த நகர்வு.

ரெலிக்குகள்

வரைபடத்தில் சிதறிக் கிடக்கும் புனிதப் பொருட்களான ரெலிக்குகளைத் துறவிகள் எடுத்து மடத்தில் வைத்தால், ஒவ்வொன்றும் நிமிடத்துக்கு 30 தங்கம் தரும். ஆள் வேண்டாம், சுரங்கம் வேண்டாம், தீராது. தம்பி 25-ஆவது நிமிடத்துக்குள் நாலு ரெலிக்குகளை வைத்துவிட்டார். நிமிடத்துக்கு 120 தங்கம், ஆட்டம் முடியும்வரை 16 நிமிடம், மொத்தம் சுமார் 1,900. ஒரு நைட்டுக்கு 75 தங்கம். தங்கக் கணக்கில் மட்டும் பார்த்தால் 25 நைட்டுகள். அண்ணன் கூடுதலாகக் கொன்ற அந்த 25-ஐயும் ரெலிக்குகளே திருப்பிக் கொடுத்துவிட்டன.

அண்ணன் மடமே கட்டவில்லை. மடத்துக்கு 175 மரம், துறவிக்கு 100 தங்கம், உணவு ஒன்றும் வேண்டாம். உணவில்லாமல் தங்கம் குவிந்து கிடந்தவருக்கு இதைவிடப் பொருத்தமான செலவு வேறு இல்லை.

முடிவு

மீதியை வேகமாகச் சொல்லிவிடலாம். 31-ஆவது நிமிடத்தில் தம்பி ஐந்து துறவிகளோடு வந்து நாலு யானைகளை மாற்றினார். அண்ணனின் அம்புகள் அண்ணனின் ஈட்டிக்காரர்கள் மேலேயே விழுந்தன. 33:00-க்குத் தம்பி கடைசிக் காலமான இம்பீரியல் காலம். பிராங்கியருக்குக் கோட்டை கட்டும் செலவு குறைவு. தம்பி அண்ணன் ஊருக்குப் பக்கத்திலேயே கோட்டை ஒன்றை எழுப்பினார், கட்டடங்களை இடிக்கும் கல்லெறி பொறிகளான ட்ரெபுசேக்கள் வந்தன. அந்த எட்டு நிமிடத்தில் அண்ணன் இன்னும் முப்பதுக்கு மேல் கொன்றார். ஒவ்வொன்றுக்கும் பதில் ஆள் வந்துகொண்டே இருந்தது.

வேறு எப்படி ஆடியிருக்கலாம்

அண்ணனுக்கு எழுதிக் கொடுத்ததை இங்கேயும் தருகிறேன். அவருடைய இயல்பு தடுத்து ஆடுவது. அதை மாற்றச் சொல்லவில்லை.

பிராங்கியரோடு மோதும் திராவிடர் ஃபியூடலில் செய்ய வேண்டியது ரொம்பக் கொஞ்சம். 200 மரத்தை வயலாக மாற்றுவது, நாலைந்து ஈட்டிக்காரர்களை மரம் வெட்டும் இடத்தில் நிறுத்துவது, வீடுகளையும் வேலியையும் சேர்த்துத் திறப்புகளை அடைப்பது, அவ்வளவுதான். ஸ்கவுட்டுகளைக் கொல்ல வேண்டிய அவசியமில்லை. அவை ஒன்றும் செய்ய முடியாமல் சுற்றினாலே போதும். ஒவ்வொரு ஸ்கவுட்டும் எதிரி செலவழித்த 80 உணவு.

கேசில் காலத்துக்குள் போனதும் ஈட்டிக்காரர்களை இன்னும் வலுவான பைக்மேன் ஆக்கும் ஆராய்ச்சி. திராவிடருக்கு அது பாதி விலை. அண்ணன் ஆட்டம் முடியும்வரை அதைச் செய்யவே இல்லை. யானைக்கு ஆசைப்பட்டதில் நாகரிகத்தின் உண்மையான பலம் கண்ணில் படாமலே போய்விட்டது. பைக்மேன் பத்துப் பன்னிரண்டு பேர், மேலும் இரண்டு டவுன் சென்டர், ஒரு மடம். இவ்வளவோடு 30-ஆவது நிமிடம் வரை ஊரைக் காத்தால், அப்புறம் யானை வரட்டும். அப்போது வருகிற யானைக்குப் பின்னால் வயல்கள் இருக்கும்.

சந்தையையும் சொல்ல வேண்டும். 26:30-க்கு வயல் போட நேரமில்லை என்றே வைத்துக்கொள்வோம். 175 மரத்தில் சந்தை கட்டி, தங்கம் கொடுத்து உணவு வாங்கியிருக்கலாம். வாங்க வாங்க விலை ஏறும், நஷ்டம்தான். ஆனால் சும்மா நிற்கிற டவுன் சென்டரின் நஷ்டத்தைவிடக் குறைவு. கையில் ஒரு பொருள் 500-க்கு மேல் தங்கினால் ஏதோ ஒன்று தவறிவிட்டது என்று எடுத்துக்கொள்ளும்படி அண்ணனிடம் சொன்னேன். விதிவிலக்கு உண்டு: அடுத்த காலத்துக்கோ கோட்டைக்கோ சேர்க்கும்போது. மற்ற நேரத்தில் இல்லை.

பயிற்சி

கண்ணைச் சண்டையிலிருந்து விலக்குவது சொன்னவுடன் வருகிற பழக்கம் இல்லை. விரல் மூலமாகத்தான் அதைக் கொண்டுவர முடியும். எல்லா டவுன் சென்டர்களையும் ஒரே தட்டில் தேர்ந்தெடுக்கும் விசை இந்தப் பதிப்பில் உண்டு. அதைத் தட்டி, ஷிஃப்டோடு வில்லேஜர் பொத்தானை அழுத்தினால் ஐந்து பேர் வரிசையில் சேர்வார்கள். திரையை நகர்த்தாமலே, ஈட்டிக்காரர் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம். சண்டைக்குள் படை நுழைவதற்குச் சற்று முன்னால் இதை ஒருமுறை செய்துவிட வேண்டும். ஆரம்பத்தில் வரிசையில் ஐந்து பேரைப் போடுவது உணவை முடக்கும் என்று தேர்ந்தவர்கள் சொல்வார்கள். அவர்கள் சொல்வது அவர்களுக்குச் சரி. சண்டை வந்தால் டவுன் சென்டரையே மறந்துவிடுகிறவருக்கு முடங்கிய 200 உணவு பெரிய விஷயமில்லை.

வயல்கள் தானாகவே திரும்ப விதைக்கும் வசதியை மாவரைக்கும் இடத்தில் இயக்கி வைக்கலாம். அண்ணன் அதை அணைத்து வைத்திருந்தார், தெரியாமலே. திரையின் மேல் மூலையில் சும்மா நிற்கிற வில்லேஜர்களின் எண்ணிக்கை தெரியும். அதைப் பார்க்கிற பழக்கமும் வேண்டும்.

எதிரியே இல்லாத மாதிரி, மிக எளிய கணினி எதிரியோடு, முதல் பத்து நிமிடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஆடச் சொன்னேன். 7:45-க்குள் ஃபியூடல் பொத்தான். சலிப்பாக இருக்கும். விளையாட்டுக்குள்ளேயே ஆர்ட் ஆஃப் வார் என்ற பயிற்சிப் பகுதி இருக்கிறது. அதில் தொடக்கப் பொருளாதாரத்துக்கு ஒரு பாடம், வேகமாக வளர்வதற்கு ஒரு பாடம், வேகமாகக் கேசில் போவதற்கு ஒரு பாடம். பதக்கம் வாங்குகிற ஆசையில் சலிப்புக் கொஞ்சம் குறையும். சண்டைப் பாடங்கள் அண்ணனுக்குத் தேவையில்லை.

ஜெயித்தவர் பக்கம்

தம்பியின் ஆட்டத்திலும் ஓட்டைகள் இருந்தன. ஜெயித்ததால் அவை யாருக்கும் தெரியவில்லை. மூன்று டவுன் சென்டர்களில் இரண்டைச் சுற்றி வேலியே கிடையாது. 26:30-க்கு அண்ணன் யானைகளைத் துரத்த அனுப்பாமல் 16 ஈட்டிக்காரர்களில் மிஞ்சிய பத்துப் பேரை நேராக அந்த வயல்களுக்கு அனுப்பியிருந்தால், 30 வில்லேஜர்கள் வேலையை விட்டு ஓடியிருப்பார்கள். 31-ஆவது நிமிடத்தில் வந்த ஐந்து துறவிகளுக்கும் முன்னால் காவல் இல்லை. ஸ்கவுட் வகைக் குதிரைகள் மந்திரத்துக்கு எளிதில் மசியாது, துறவிகளைக் கூடுதலாகத் தாக்கவும் செய்யும். அண்ணனிடம் ஆறு குதிரைகள் இருந்திருந்தால் அந்த 500 தங்கம் அங்கேயே காலி.

தம்பியிடம் இதைச் சொன்னபோது, அண்ணன் குதிரை லாயமே கட்டவில்லை என்பது ஸ்கவுட் போய்ப் பார்த்ததில் தெரியும் என்றார். ரீப்ளேயில் சரிபார்த்தேன். 29:20-க்கு அவருடைய ஸ்கவுட் அண்ணன் ஊரை முழுசாக ஒரு சுற்றுச் சுற்றியிருக்கிறது. துறவிகள் கிளம்பியது அதற்குப் பிறகுதான். வேலி இல்லாததற்கு மட்டும் அவரிடம் பதில் இல்லை. அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அதைச் சரிசெய்வதாகச் சொல்லியிருக்கிறார். அண்ணன் பத்து ஈட்டிக்காரர்களை அங்கேதான் அனுப்பப் போகிறார் என்று அவருக்கும் இப்போது தெரியும்.